தூக்கும் முறை

சேசு மரி சூசை

பேசாலை,
1937 வைகாசி 9

அன்புள்ள தம்பி மடுத்தீனுக்கு,

அக்கா அன்ரோனெற் எழுதுவது. வெற்றிமாதாவின் காவலில் இங்கே எங்கள் நாள்கள் போகின்றன. கொழும்பில் நீயும் காய்ச்சல், தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறோம். அம்மா உன்னை நினைத்தபடியே இருக்கிறார்.

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. யன்னலைப் பூட்டி வைத்தாலும் சோற்றுக்குள் மணல் கடிபடுகிறது.

கொட்டாஞ்சேனையில் பாரம் தூக்குகிற சங்கம் ஒன்றில் சேர்ந்திருப்பதாக நத்தார்ப் பண்டிகைக் கடிதத்தில் எழுதியிருந்தாய். துறைமுகக் கந்தோரில் கதிரையில் இருந்து எழுதுகிற வேலையைத் தேடிப் போனவன், பின்னேரத்தில் சும்மா இரும்பைத் தூக்குகிறானே என்று அப்போது சிரித்தேன். இப்போது அதைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. முழங்கால் உயரத்தில் கிடக்கிற பாரமான ஒன்றை, ஒரு ஆளாக, முதுகு பிடிக்காமல் எப்படித் தூக்குவது? அதற்கு ஒரு முறை உண்டா, அல்லது பிறவிப் பலம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் முடியுமா? வீட்டில் சில வேலைகள் இருக்கின்றன. அதற்காகக் கேட்கிறேன்.

நேரம் கிடைத்தால் பதில் போடு. உன் தலைக்கு மேலே எங்கள் ஆசீர்வாதம்.

அக்கா
அன்ரோனெற்


கொட்டாஞ்சேனை,
1937 வைகாசி 14

என் அன்பான அக்கா,

நான் நல்ல சுகம். அம்மாவும் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. சங்கத்துக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். கோபிக்க வேண்டாம். எங்கள் சங்கத்துக்கு இதுவரை ஒரு பெண் இப்படிக் கேட்டு எழுதியதில்லை.

பிறவிப் பலம் என்பது பொய். நான் சேரும்போது எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்தானே. முறைதான் எல்லாம். பாரத்துக்குக் கிட்டப் போய் நில்லுங்கோ. அது காலோடு உரசிக்கொண்டு வரவேண்டும். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும், முதுகு வளையக் கூடாது. மூச்சை வயிற்றுக்குள் அடக்கிப் பிடியுங்கோ. பிறகு கையால் தூக்குவதாக நினையாதீர்கள். காலால் நிலத்தைக் கீழே தள்ளுவதாக நினையுங்கோ, பாரம் தானாக மேலே வரும்.

ஆனால் வாசித்து இது வராது, பழகத்தான் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்று அசைவு போதும். நிலத்திலிருந்து தூக்குவது ஒன்று. தோளில் வைத்துக்கொண்டு குந்தி இருந்து எழும்புவது ஒன்று. நின்றபடி தலைக்கு மேலே தள்ளுவது ஒன்று. ஒவ்வொன்றையும் ஐந்து தரம், கொஞ்சம் ஆறி, மறுபடி ஐந்து தரம். ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு. ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். கூட்டியதே தெரியாத அளவுக்குக் கூட்டுவதுதான் இரகசியம்.

சங்கத்துக்குப் புது இரும்பு வந்துவிட்டது. பழைய இரும்புத் தண்டையும் அதில் கொழுவுகிற தட்டுகளையும் நான் கேட்டு வாங்கிவிட்டேன். தலைமன்னார் ரயிலில் போட்டுவிடுகிறேன். முட்டையும் மீனும் நன்றாகச் சாப்பிடுங்கோ. அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் தம்பி
மடுத்தீன்


சேசு மரி சூசை

பேசாலை,
1937 ஆனி 13

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் துணையால் சுகம். நீ நன்றாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தின் நீளத்திலேயே தெரிகிறது. அதை மூன்று தரம் வாசித்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தும் சத்தமாக வாசித்தேன்.

இரும்பு வந்து சேர்ந்தது. ஸ்டேஷனில் இருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்த மனிதர், "பிள்ளை, இதென்ன, வண்டி அச்சோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். பக்கத்து வீட்டுப் பூமணிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் வாயில் கை வைத்தாள். பிறகு, "அப்ப வேலிக்கு இன்னும் நாலு ஓலைக்கிடுகு வைச்சுக் கட்டுவம்" என்றாள். இருவருமாகக் கட்டினோம்.

விடிந்து வெயில் ஏறுவதற்கு முன், பின்வளவில் செய்கிறேன். சேலையோடு முடியவில்லை. அப்பாவின் பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொள்கிறேன். முதல் நாள் தட்டொன்றும் போடாமல் தண்டை மட்டும் தலைக்கு மேலே தள்ளப் பார்த்தேன். நெற்றி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கீழே வைத்துவிட்டு மணலில் இருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. மற்ற இரண்டும் பரவாயில்லை. மறுநாள் தொடைகள் நோவெடுத்து, ஒரு குடம் தண்ணீருக்கு நொண்டி நொண்டிப் போனேன். இது சரியா, அல்லது எங்கேயும் பிழை விட்டேனா?

உடனே எழுது.

அக்கா


கொட்டாஞ்சேனை,
1937 ஆனி 18

என் அன்பான அக்கா,

உங்கள் கடிதம் கண்டு மெத்தச் சந்தோஷம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

தொடை நோவது நல்ல அடையாளம். மூட்டு நொந்தால் மட்டும் நிறுத்துங்கோ. தலைக்கு மேலே தள்ளுவது எல்லாருக்கும் கடைசியாகத்தான் வரும். இரும்பைக் குறைக்க முடியாவிட்டால் ஒரு உலக்கையால் பழகுங்கோ. இருந்து எழும்பும்போது முழங்கால் உள்ளுக்குச் சாய விடவேண்டாம். இதோடு ஒரு படம் கீறி வைத்திருக்கிறேன். படத்தில் இருக்கிற கொண்டைக்காரி நீங்கள்தான்.

புரட்டாதியில் எனக்குச் சோதினை. இம்முறை சித்தியடைந்தால் வேலை நிரந்தரம். போனமுறை தவறியது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்காகக் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ. அம்மாவிடமும் சொல்லுங்கோ.

மடுத்தீன்


சேசு மரி சூசை

பேசாலை,
1937 ஆவணி 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் தேக சுகத்துக்கும் சோதினைக்குமாக நாள்தோறும் செபமாலை சொல்லுகிறேன். உன் படத்தை அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

இப்போது தண்டில் இரண்டு பக்கமும் தட்டுப் போட்டு நிலத்திலிருந்து தூக்குகிறேன். தலைக்கு மேலேயும் தள்ளிவிட்டேன். முதல் முறை மேலே போனபோது அதை எப்படி இறக்குவது என்று மறந்து அப்படியே நின்றேன். வேலிக்கு மேலாகக் கடல் தெரிந்தது. கரைவலைக்காரர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் இந்த வளவில் நின்றிருக்கிறேன், அப்படித் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை.

ஊரில் கதை பரவிவிட்டது. போன ஞாயிறு பங்குச் சுவாமியார் வந்தார். நான் தண்டைச் சாக்கால் மூடப் போனேன். "மூடவேண்டாம் பிள்ளை, நான் பாத்திட்டன்" என்றார். "பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்டார். நான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வரும்போது அவர் தண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டார். 

தம்பி, இரும்பு இரண்டு பக்கமும் ஒத்த பாரமாக இருக்கிறது. பிடிக்க இடமும் இருக்கிறது. அப்படி இல்லாத ஒன்றை எப்படித் தூக்குவது? ஒரு பக்கம் சரிந்து, பிடி இல்லாமல், தளர்ந்து கிடக்கிற ஒன்றை? சோதினை முடிந்தபிறகு எழுதினால் போதும். அவசரம் இல்லை.

அக்கா


கொட்டாஞ்சேனை,
1937 ஐப்பசி 11

அன்பான அக்கா,

பதில் சுணங்கியதற்குக் கோபிக்க வேண்டாம். சோதினை நன்றாக எழுதினேன். சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகம்தானே.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சங்கத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் பழகுவது உண்டு. இரும்பைவிட ஆள் கஷ்டம். அவன் உடம்பைத் தளரவிட்டால் பாரம் இரண்டு மடங்கு. அவனும் பிடித்துக்கொண்டால் பாதி. நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து, அக்குளுக்குக் கீழால் கை கொடுத்துப் பின்னால் கோத்து, உங்கள் முழங்காலை அவன் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து எழும்பவேண்டும். பாரம் சரிகிற பக்கத்துக்கு நீங்களும் கொஞ்சம் போகவேண்டும், எதிர்த்து இழுத்தால் இருவரும் விழுவீர்கள். அது என்ன, கன்றுக்குட்டி வாங்கியிருக்கிறீர்களா?

நத்தாருக்கு வர முடியாது போலிருக்கிறது. சங்கம் அந்த விடுமுறையில் ஒரு பாரம் தூக்கும் காட்சி வைக்கிறது. என் பெயரும் இருக்கிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கோ.

மடுத்தீன்


சேசு மரி சூசை

பேசாலை,
1937 கார்த்திகை 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமாக இரு. நீ எழுதிய முறை சரி வந்தது. மிகவும் நன்றி.

வாடைக்காற்றும் மழையும். தோணிகள் கரையில் கிடக்கின்றன. அம்மாவிடம் சொன்னேன். காட்சியை நன்றாகச் செய்.

அக்கா


கொட்டாஞ்சேனை,
1937 மார்கழி 12

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மருதானை ஸ்டேஷனில் சிங்கராசாவைக் கண்டேன். பேசாலைப் பள்ளியில் என்னோடு படித்தவன், இப்போது ரயிலில் கார்ட். அமலோற்பவ மாதா திருநாளுக்கு ஊருக்குப் போய் வந்திருக்கிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ரை அக்காவைப் போல ஒருத்தியை நான் காணேல்லை மடுத்தீன். தாயை நெஞ்சோட தூக்கிக்கொண்டு கோயிலுக்குள்ள வந்தவ. சனம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி நிண்டது" என்றான்.

"ஏன் தூக்கினவ?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "உனக்குத் தெரியாதே? பாரிசவாதம் வந்து தை மாதம் தொட்டுக் கிடக்கிறாவல்லோ. வாயால கதையும் இல்லை" என்றான்.

தை மாதம், அக்கா. இவ்வளவு நாளும் நான் உங்களுக்குத் தட்டும் தண்டும் எழுதிக்கொண்டிருந்தேன். கன்றுக்குட்டி என்று பகிடி எழுதினேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் அவ்வளவு அந்நியனா?

மடுத்தீன்


சேசு மரி சூசை

பேசாலை,
1937 மார்கழி 16

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா இன்று கஞ்சி குடித்தார். நானும் சாப்பிட்டேன். நீ சாப்பிடாமல் இருக்காதே.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். அம்மா கிணற்றடியில் கீரிமீன் கழுவிக்கொண்டிருந்தார். மீன் கடகம் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். வலப்பக்கமும் பேச்சும் ஒரே நேரத்தில் போய்விட்டன. மன்னார் டொக்டர் வந்து பார்த்தார். இனி இப்படித்தான் என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலையை விட்டேன். ஊரவரிடம் உனக்கு எழுதவேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். தம்பிக்குத் தெரியுமா என்றுதான் அன்று சுவாமியாரும் கேட்டார்.

ஆரம்பத்தில் பூமணியும் நானுமாகத் தூக்கினோம். அவளுக்கும் பிள்ளைகள், சந்தை, தன் பாடு இருக்கிறது. சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம் அம்மாவைக் கட்டிலில் இருந்து சாய்மணைக் கதிரைக்கு நான் தனியாக மாற்றப் பார்த்தேன். முதுகில் ஏதோ பிடித்தது. கையை விட்டுவிட்டேன். இருவரும் விழுந்தோம். அம்மா என் கால்களுக்கு மேலே கிடந்தார். எனக்கும் எழும்ப முடியவில்லை. பூமணி சந்தையால் திரும்பி வந்து எட்டிப் பார்க்கும்வரை அப்படியே கிடந்தோம். அம்மா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் கட்டிலுக்குக் கிட்டப் போனால் அவருடைய இடக்கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். என்னைப் பெற்றவர் என்னைக் கண்டு பயந்தார் தம்பி. அதன் பிறகுதான் உனக்கு எழுதினேன்.

சொல்லாததற்குக் காரணம் உன் சோதினை. சொன்னால் ஓடிவருவாய், மறுபடியும் தவறுவாய் என்று நினைத்தேன். அது பாதிதான். மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு வந்துபோனபிறகு நீ போட்ட கடிதங்கள் நாலு வரிக்கு மேலே இருந்ததில்லை. இரும்பைப் பற்றிக் கேட்டதும் இரண்டு பக்கம் நிறைய எழுதினாய். படம் கீறினாய். இந்த வீட்டில் கதைக்க ஆள் இல்லை. பகல் முழுக்க நான் பேசுவேன், பதில் வராது. தபால்காரன் வருகிற நாளில்தான் ஒரு குரல் கேட்கும். நோயைப் பற்றி எழுதியிருந்தால் நீ ஆறுதல் எழுதியிருப்பாய். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாமாக இருந்தது. முழங்காலை உள்ளுக்குச் சாயவிடாதே என்று யாராவது என்னைப் பார்த்துச் சொல்லவேண்டும் போலிருந்தது.

நீ எழுதிய முறையில் முதல் தரம் தூக்கிய அன்று அம்மா சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். "அம்மா, விடுங்கோ, நான் இப்ப பலமாத்தான் நிக்கிறன்" என்றேன். விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. பிறகு அந்தக் கை சட்டத்தை விட்டு என் கழுத்தைச் சுற்றி வந்தது. நீ சொன்னது மெய். அவரும் பிடித்தபோது பாரம் பாதியாகிவிட்டது.

திருநாளன்று வாசல் வரைக்கும் வண்டியில் கொண்டுபோனேன். அங்கிருந்து தூக்கிக்கொண்டு பீடத்தடிக்குப் போனேன். சுவாமியார் அம்மாவின் நாவில் நன்மை அப்பத்தை வைத்தார். பிறகு அப்படியே தூக்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன்.

நீ அந்நியன் இல்லை. வரக்கூடிய நேரத்தில் வா.

அக்கா


கொட்டாஞ்சேனை,
1938 தை 9

என் அன்பான அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். காட்சியை விட்டுவிட்டு நத்தார் நாள்களில் உங்களோடு இருந்தது மனதை விட்டுப் போகவில்லை. நேரில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

நீங்கள் வருஷப் பிறப்புப் பூசைக்குப் போனீர்கள். அம்மாவை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். நீங்கள் போய்ச் சற்று நேரத்தில் அம்மா படுக்கையை நனைத்துவிட்டார். மாற்றுவதற்காகக் கிட்டப் போனேன். நான் கை வைத்ததும் அம்மாவின் உடம்பு பலகை மாதிரி இறுகியது. "அம்மா, நான் மடுத்தீன்" என்றேன். அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அது உங்களைக் கூப்பிடுகிற சத்தம்.

அக்கா, சங்கத்தில் என்னைவிடக் கூடுதலாகத் தூக்குகிறவர்கள் இரண்டு பேர்தான். எலும்பும் தோலுமான எங்கள் தாயை என்னால் ஒரு சாண் அசைக்க முடியவில்லை. யன்னலைச் சாத்திவிட்டு, ஈரத்தோடு அவரை விட்டுவிட்டு, கட்டிலடியில் நிலத்தில் இருந்தேன். நீங்கள் வந்து, "ஏன் தம்பி, இருட்டுக்குள்ள இருக்கிறாய்?" என்று யன்னலைத் திறந்தீர்கள். பிறகு எல்லாவற்றையும் நீங்களே செய்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

மடுத்தீன்


சேசு மரி சூசை

பேசாலை,
1938 மாசி 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நோயில்லாமல் இருக்கவேண்டும். அம்மாவுக்குச் சளி கட்டியிருக்கிறது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் பூசுகிறேன்.

அன்று எனக்கு விளங்கியது. அது பயம் இல்லை, வெட்கம். வளர்ந்த மகன் தன்னை அந்தக் கோலத்தில் தொடுவதை எந்தத் தாய் பொறுப்பாள்? இதற்கும் முறை இருக்கிறது. இந்தத் தரம் நான் சொல்லுகிறேன், நீ கேள். வந்தவுடன் தூக்கப் போகாதே. முதலில் பக்கத்தில் இருந்து கையைப் பிடி. ஊர்க்கதை சொல்லு. அடுத்த நாள் தலையணையை மட்டும் சரிசெய். அடுத்த நாள் தோளை. கூட்டியதே தெரியாமல் கூட்டு. தொடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிவிட்டுத் தொடு.

பாஸ்குத் திருநாளுக்கு வா. நானே பக்கத்தில் நின்று பழக்குகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இடக்கையால் என் கையை அமத்திப் பிடித்தார்.

அக்கா


கொட்டாஞ்சேனை,
1938 பங்குனி 24

என் அன்பான அக்கா,

அடக்கம் முடிந்து வந்ததில் இருந்து கந்தோரில் வேலை ஓடவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்களா என்பதே நினைப்பு.

பாஸ்கு வரைக்கும் அம்மா இருக்கவில்லையே. பெட்டியை எடுக்கும்போது ஆண்கள் போதும் என்று எல்லாரும் சொல்லியும் நீங்கள் தலைமாட்டுப் பக்கத்தைப் பிடித்தீர்கள். கால்மாட்டில் நான். மயானம் வரைக்கும் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்தப் பாரம் எனக்குத் தெரியவே இல்லை.

அங்கே இனி உங்களுக்கு யார்? இங்கே வந்துவிடுங்கோ. சோதினை சித்தியாகி வேலையும் நிரந்தரம்தானே, இரண்டு அறை உள்ள வீடு பார்க்கிறேன். கன்னியர்மடத்துப் பள்ளிக்கூடத்திலும் விசாரித்திருக்கிறேன்.

மடுத்தீன்


சேசு மரி சூசை

பேசாலை,
1938 சித்திரை 20

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. நான் சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். பொய் இல்லை.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரும்படி சுவாமியார் சொல்லியிருக்கிறார். வருகிற மாதம் போவேன். அதற்குப் பிறகு யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதே.

கட்டிலைக் கழற்றிப் பூமணிக்குக் கொடுத்துவிட்டேன். அது நின்ற இடத்தைச் சுற்றித்தான் இன்னும் நடக்கிறேன். காலையில் கண் விழித்ததும் மூச்சு தானாக வயிற்றுக்குள் அடங்குகிறது, கால்கள் தயாராகின்றன. பிறகுதான் ஒருவரும் இல்லை என்பது நினைவு வருகிறது. இந்தப் பலத்தை என்ன செய்வது என்று நீ ஒருநாளும் எழுதவில்லை. உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

அடக்கத்துக்குப் பிறகு தண்டைத் தொடவில்லை. பெரிய வெள்ளி கழியட்டும் என்று இருந்தேன். இன்று விடிய வேலிக்கு அருகே போய்ச் சாக்கை எடுத்தேன். நீ அனுப்பிய தட்டுகள் முழுவதையும் போட்டேன். இதுவரை அப்படிப் போட்டதில்லை, அவ்வளவு எனக்குத் தேவைப்பட்டதும் இல்லை. முதல் தரம் நிலத்தை விட்டு எழும்பவில்லை. கொஞ்சம் ஆறி, கிட்டப் போய் நின்று, காலால் தள்ளினேன். முழங்கால் தாண்டி வந்தது. நிமிர்ந்து நின்றேன். பூமணி சந்தைக்குப் போய்விட்டாள். வேலிக்கு அப்பாலும் சனம் இல்லை, தோணிகள் எல்லாம் கடலில். ஆறுதலாக, மெல்ல இறக்கி வைத்தேன். பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன் அக்கா
அன்ரோனெற்